“எங்க ஆபீஸ்ல திறக்குதுங்களே”: டிஎன்எஸ் கோளாறைத் தேடும் முறையும் தர விதி வழக்குகளும்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்து வெளியூருக்கு அனுப்புகிறவர்கள், ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர்கள், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் தங்கும் விடுதி நடத்துகிறவர்கள் என்று சேலம் வட்டாரத்தில் சொந்த டொமைன் வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள் இப்போது ஏராளம். இவர்களுடைய இணையதளத்தை ஒருவர் வடிவமைத்திருப்பார். மின்னஞ்சலை வேறொருவர் அமைத்துக் கொடுத்திருப்பார். இரண்டுக்கும் பொதுவான டிஎன்எஸ் பதிவுகளுக்கு, அதாவது டொமைன் பெயரை எண் முகவரியோடும் அஞ்சல் சர்வரோடும் இணைக்கும் குறிப்புகளுக்கு, பெரும்பாலும் பொறுப்பாளர் என்று யாரும் இருப்பதில்லை. கோளாறு வந்ததும் முன்னவர் பின்னவரையும் பின்னவர் முன்னவரையும் கைகாட்டுவார்கள். அப்போது நடுவே உட்கார்ந்து உண்மையைத் தேட வேண்டிய மூன்றாம் ஆளுக்காக இது எழுதப்படுகிறது. அவர் பைண்ட், என்எஸ்டி, பவர்டிஎன்எஸ் போன்ற டிஎன்எஸ் சர்வரைத் தாமே நடத்துகிறவராகவும் இருக்கலாம். டொமைனை விற்ற நிறுவனத்தின் இணையக் கட்டுப்பாட்டுப் பலகத்தில் பதிவுகளை நிரப்புகிறவராகவும் இருக்கலாம்.

கட்டளைகளின் பெயர்கள் இங்கே ஒலிப்பின்படி எழுதப்பட்டிருக்கின்றன. திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். எடுத்துக்காட்டுப் பெயராக உதாரணம்.பரிட்சை என்பதைக் கொள்கிறேன். பிறமொழி எழுத்துப் பெயர்களைச் சோதிப்பதற்காக 2007இல், உலக டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு உருவாக்கிய தமிழ்ப் பெயர் அது. 2013இல் அதன் மேல்நிலை டொமைன் (பெயரின் கடைசிப் பகுதி) வேர் ஸோனிலிருந்து, அதாவது எல்லா டொமைன்களுக்கும் மேலான பட்டியலிலிருந்து, நீக்கப்பட்டுவிட்டதால், யாருடைய தளத்துக்கும் இடைஞ்சல் இல்லாமல் பயன்படுத்தலாம். 192.0.2 என்று தொடங்கும் முகவரிகளும் ஆவணங்களில் காட்டுவதற்கென்றே ஆர்எஃப்சி 5737 என்னும் இணையத் தர விதி ஆவணம் ஒதுக்கிவைத்தவை.

யாரைக் கேட்கிறோம் என்பதே முதல் கேள்வி

தொலைபேசியில் வரும் முதல் வாக்கியம் பெரும்பாலும் “எங்க ஆபீஸ்ல திறக்குதுங்களே சார், கஸ்டமருக்குத்தான் திறக்கலையாம்” என்பதாக இருக்கும். அதில் உள்ள தகவல் மிகக் குறைவு. அந்த அலுவலகம் பயன்படுத்தும் ரிசால்வரின் (பயனருக்காக விடை தேடித்தரும் சர்வரின்) கேஷில் (தற்காலிக நினைவில்), அந்த நேரத்தில், அந்தப் பெயருக்கு ஏதோ ஒரு விடை இருந்தது என்பதைத் தவிர வேறொன்றும் அதிலிருந்து தெரியாது. அது இன்றைய விடையா, நேற்றைய மாற்றத்துக்கு முந்தைய விடையா என்பதையும் பிரௌசர் சொல்லாது. எனவே பிரௌசரில் திறந்து பார்ப்பதைச் சோதனையாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

முதற்சோதனை, அந்த ஸோனுக்கு (ஒரு டொமைனின் பதிவுகள் அடங்கிய தொகுப்புக்கு) அதிகாரபூர்வமான நேம் சர்வர் ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்பது. டிஎன்எஸ் கேள்வி கேட்கும் டிக் கட்டளையில் ‘@’ குறிக்குப் பின் அந்தச் சர்வரின் முகவரியைக் கொடுத்து, ‘+நோரிகர்ஸ்’ என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கேளுங்கள். வரும் விடையின் தலைப்பகுதியில் ‘ஏஏ’ என்னும் கொடி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கொடி இருந்தால்தான் அந்தச் சர்வர் தன் சொந்த ஸோனிலிருந்து பேசுகிறது என்று பொருள். கொடி இல்லாமல் விடை வந்தால், அது எங்கிருந்தோ கேட்டு வைத்துக்கொண்ட விடையைத் தருகிறது. அல்லது, அந்த ஸோன் தன்னிடம் ஏற்றப்படவே இல்லை என்பதை வேறு வழியில் சொல்கிறது. எல்லாச் சர்வர்களிடமும் ஸோனின் தலைப்பதிவான எஸ்ஓஏவைக் கேட்டு, திருத்தும்போதெல்லாம் கூட்டப்படும் வரிசை எண்ணை ஒப்பிட்டால், முதன்மைச் சர்வரிடமிருந்து நகல் எடுக்கும் இரண்டாம் நிலைச் சர்வர்களில் எது பின்தங்கியிருக்கிறது என்பது உடனே வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது ஒப்படைப்பு: உங்கள் ஸோன் எந்தச் சர்வர்களிடம் இருக்கிறது என்று அதற்கு மேலுள்ள தாய் ஸோன் சுட்டுவது. டிக் கட்டளையை ‘+டிரேஸ்’ விருப்பத்துடன் ஓட்டினால், அது வேர்ச் சர்வர்களில் தொடங்கி, மேல்நிலை டொமைன் வழியாக, உங்கள் சர்வர் வரை தானே படிப்படியாகக் கேட்டு இறங்கும். இடையில் உள்ள ரிசால்வரின் பழைய நினைவு இந்தப் பயணத்தில் குறுக்கிடாது. ஆகவே டிரேஸ் சரியான விடையைக் காட்டி, வாடிக்கையாளருக்கு மட்டும் தவறான விடை போகிறது என்றால், குற்றம் பெரும்பாலும் கேஷில் இருக்கிறது, காத்திருப்பதே மருந்து. டிரேஸே வழியில் தடுக்கி விழுந்தால், எந்தப் படியில் விழுந்ததோ அங்கேதான் வேலை.

தாய் ஸோனில் உள்ள என்எஸ் (நேம் சர்வர்) பட்டியலும், உங்கள் ஸோனுக்குள்ளேயே எழுதியிருக்கும் என்எஸ் பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டும். சர்வரை மாற்றும்போது ஸோன் கோப்பைத் திருத்திவிட்டு, டொமைன் பதிவு நிறுவனத்தின் பலகத்தைத் திருத்த மறந்துவிடுவது மிகவும் சாதாரணமாக நடப்பது. பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருந்து பழைய விடையையே சொல்லிக்கொண்டிருக்கும் வரை யாருக்கும் தெரியாது. அந்தச் சர்வருக்கான சந்தா முடிந்து அது அணைக்கப்படும் நாளில், சில பேருக்கு மட்டும் தளம் திறக்காமல் போகும். ‘சில பேருக்கு மட்டும்’ என்ற சொற்களைக் கேட்டவுடன் இந்த இரு பட்டியல்களையும் ஒப்பிடுவதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

விடைக் குறியீடுகளைப் படித்தல்

விடை வரவில்லை என்பதில் பல வகைகள் உண்டு. ‘நோஎரர்’ என்று சொல்லிப் பதிவு எதுவும் தராமல் இருந்தால், பெயர் இருக்கிறது, கேட்ட வகைப் பதிவுதான் இல்லை என்று பொருள். ‘என்எக்ஸ்டொமைன்’ என்றால் அந்தப் பெயரே இல்லை. 2016இல் வந்த ஆர்எஃப்சி 8020, அதற்குக் கீழே உள்ள எந்தப் பெயரும் இல்லை என்றே அதைக் கொள்ளலாம் என்று தெளிவுபடுத்தியது. இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்யும் சர்வர்கள் இன்றும் உண்டு. ஐபிவி4 முகவரி மட்டும் உள்ள ஒரு பெயருக்கு ஐபிவி6 முகவரியைக் கேட்டால், வெற்று நோஎரர் தருவதற்குப் பதிலாக, சில பழைய சுமை பகிர்வுக் கருவிகள் என்எக்ஸ்டொமைன் என்று சொல்லிவிடுகின்றன. அதை நம்பிய ரிசால்வர் அந்தப் பெயரையே இல்லாததாகக் குறித்துக்கொள்கிறது. ஐபிவி6 கேள்வியை முதலில் கேட்கும் கைபேசிகளில் தளம் விழுந்துவிடுகிறது. ஐபிவி4 முகவரிக்கான ஏ வகையையும் ஐபிவி6 முகவரிக்கான ஏஏஏஏ வகையையும் அடுத்தடுத்துக் கேட்டு இரண்டு குறியீடுகளையும் ஒப்பிட்டால் இது பிடிபடும்.

‘ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால், அந்த ஸோன் அந்தச் சர்வரின் கட்டமைப்பிலேயே இல்லை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். பைண்ட் சர்வரில் ஸோன் கட்டமைப்பில் இருந்து, கோப்பில் உள்ள பிழையால் ஏற முடியாமல் போயிருந்தால் ‘செர்வ்ஃபெயில்’ வரும். நேம்டு-செக்கான்ஃப், நேம்டு-செக்ஸோன் ஆகிய இரண்டு கட்டளைகளும் பிழை உள்ள வரியையே சொல்லிவிடும் என்பதால், கண்ணால் தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

அதிகாரபூர்வ சர்வர்கள் சரியாகப் பேசியும் ரிசால்வர் செர்வ்ஃபெயில் தருகிறது என்றால், டிஎன்எஸ்செக் கையொப்பத்தை, அதாவது பதிவு போலியல்ல என்று காட்டும் மின் கையொப்பத்தை, சந்தேகிக்க வேண்டும். அதே கேள்வியை ‘+சிடி’ விருப்பத்துடன் கேட்டுப் பாருங்கள். சரிபார்க்காமல் தா என்று ரிசால்வரைக் கேட்கும் விருப்பம் அது. அப்போது மட்டும் விடை வந்தால், கையொப்பம் காலாவதி ஆகியிருக்கலாம். அல்லது டிஎன்எஸ் நிறுவனத்தை மாற்றியபோது தாய் ஸோனில், கையொப்பச் சாவியைச் சுட்டும் பழைய டிஎஸ் பதிவு அப்படியே தங்கிப்போயிருக்கலாம். மாற்றும் முன் டிஎஸ் பதிவை நீக்கி, அதன் டிடிஎல் காலம் (கேஷில் வைத்திருக்கலாம் என்ற கால அளவு) முழுவதும் கழிந்த பிறகே என்எஸ் பட்டியலை மாற்ற வேண்டும்.

எல்லாக் கையொப்பமிட்ட பெயர்களுமே ஒரே அலுவலகத்தில் மட்டும் செர்வ்ஃபெயில் ஆகின்றன என்றால், அங்குள்ள ரிசால்வர் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். கையொப்பத்துக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு. மலையில் மின்சாரம் போய் வந்த பிறகு, மதர்போர்டு பேட்டரி செத்துப்போன பழைய கணினி பல வருடங்கள் பின்னால் போய் எழுந்திருக்கும். நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ் சரிபார்க்கச் சரியான நேரம் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க, குறைந்தது ஒரு என்டிபி சர்வரையாவது பெயரால் குறிக்காமல் எண் முகவரியால் குறித்துவையுங்கள்.

ஸோன் கோப்பில் அடிக்கடி நிகழ்பவை

இறுதிப் புள்ளியைப் பற்றி எல்லாரும் எச்சரித்திருப்பார்கள். பெயரின் கடைசியில் புள்ளி இல்லையென்றால் ஸோனின் பெயர் மறுபடியும் ஒட்டிக்கொண்டு உதாரணம்.பரிட்சை.உதாரணம்.பரிட்சை என்று ஆகிவிடும். இதைப் பிடிப்பது எளிது.

வரிசை எண் அவ்வளவு எளிதல்ல. ஆண்டு, மாதம், நாள், அன்றைய திருத்த எண் என்று பத்து இலக்கமாக எழுதும் வழக்கத்தை 1996இல் வந்த ஆர்எஃப்சி 1912 பரிந்துரைக்கிறது. 2025061502 என்று அடிக்க நினைத்தவர் 2052061502 என்று அடித்துவிட்டால், அதற்குப் பிறகு சரியான எண்ணை இட்டாலும் இரண்டாம் நிலைச் சர்வர்கள் அதைப் பழையது என்று ஒதுக்கிவிடும். முதன்மைச் சர்வரில் புதிய முகவரியும் மற்றவற்றில் பழைய முகவரியுமாக மாதக் கணக்கில் ஓடும். இந்த எண்கள் 32 பிட் வட்டத்தில் சுற்றுகிறவை என்பதை ஆர்எஃப்சி 1982 வரையறுத்திருப்பதால், இதற்கு ஒரு வழி இருக்கிறது. தவறான எண்ணுடன் 2147483647 கூட்டுங்கள், 4199545149 கிடைக்கும். அதை இட்டு, எல்லா இரண்டாம் நிலைச் சர்வர்களும் அந்த எண்ணுக்கு வந்துவிட்டன என்பதை எஸ்ஓஏ கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு 2025061503 என்று இட்டால், வட்டத்தைச் சுற்றி வந்த புதிய எண்ணாக அதை அவை ஏற்றுக்கொள்ளும். இரண்டாம் நிலைச் சர்வர்கள் உங்கள் கையிலேயே இருந்தால், அவற்றில் உள்ள கோப்பை அழித்து மறுபடி இழுக்கச் சொல்வது இதைவிடச் சுருக்கமான வழி.

எதிர்மறை விடைகளும் கேஷில் தங்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பதிவைச் சேர்ப்பதற்கு முன்பே ‘வந்துவிட்டதா’ என்று கேட்டுப் பார்த்தால், ‘இல்லை’ என்ற விடையை ரிசால்வர் நினைவில் வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் என்பதை எஸ்ஓஏ பதிவின் கடைசி எண்ணும் அதன் டிடிஎலும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இரண்டில் சிறியது எதுவோ அது. 1998இல் வந்த ஆர்எஃப்சி 2308, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் நன்றாக வேலை செய்வதாகவும், ஒரு நாளுக்கு மேற்பட்டால் தொல்லை என்றும் சொல்கிறது. பழைய ஸோன் கோப்பைப் பார்த்து எழுதியவர்கள் அந்த இடத்தில் 86400 என்று விட்டிருப்பதை அடிக்கடி காணலாம்.

டொமைன் உச்சியில் சிநேம்: வழக்கும் தீர்ப்பும்

இனி, சண்டை வரும் இடம். ஏற்காட்டு விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் இணையதளம் ஏதோ ஒரு சிடிஎன் நிறுவனத்தில் (தளத்தின் நகல்களைப் பல ஊர்ச் சர்வர்களில் வைத்துத் தரும் நிறுவனத்தில்) இருக்கிறது. மின்னஞ்சல் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் உள்ள அலுவலகச் சர்வரில் இருக்கிறது. தளத்தை வடிவமைத்தவர், முன்னால் எதுவும் சேர்க்காத உதாரணம்.பரிட்சை என்னும் உச்சிப் பெயருக்கே, மாற்றுப்பெயர்ப் பதிவான சிநேமை இட்டு, அதைச் சிடிஎன் கொடுத்த பெயருக்குத் திருப்பிவிடுகிறார். பலகம் அதை மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறது. தளம் அழகாகத் திறக்கிறது. சில நாட்களில், அறை முன்பதிவு மின்னஞ்சல்கள் சில வருவதில்லை என்ற புகார் வருகிறது. அனுப்பியவர் மறுபடி அனுப்பினால் வந்துவிடுகிறது.

இது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால்தான் விதியின் அருமை தெரியும். சிநேம் என்பது ‘இந்தப் பெயரைப் பற்றி எதைக் கேட்டாலும் அந்தப் பெயரிடம் போய்க் கேள்’ என்னும் அறிவிப்பு. ஒரு ரிசால்வர் முதலில் தள முகவரியைக் கேட்டு அந்தச் சிநேமைக் கேஷில் வைத்துக்கொண்டது என்று கொள்வோம். அதன் டிடிஎல் முடிவதற்குள் அதே ரிசால்வரிடம் மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவு கேட்கப்பட்டால், அது உங்கள் சர்வரிடம் வரவே வராது. சிடிஎன் பெயருக்கு எம்எக்ஸ் இருக்கிறதா என்று கேட்கும். இல்லையென்றால், அஞ்சல் விதியான ஆர்எஃப்சி 5321இன்படி, அந்தப் பெயரின் முகவரியிலேயே அஞ்சலைக் கொடுக்க முயலும். அங்கே இருப்பது வெப் சர்வர். அஞ்சலை வாங்க ஆள் இல்லை. மாறாக, எம்எக்ஸ் கேள்வி முதலில் வந்திருந்தால் உங்கள் சர்வர் சரியான விடையைத் தந்திருக்கும். எந்தக் கேள்வி முந்தியது என்பதைப் பொறுத்து அஞ்சல் வருவதும் வராததும் தீர்மானமாகிறது. எத்தனை முறை சோதித்தாலும் ஒரே முடிவு வராத கோளாறு என்பதால், அஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் வீணாகப் பழி சுமப்பார்.

வடிவமைப்பாளரின் வாதங்கள் மூன்று. வேலை செய்கிறது என்பது முதலாவது. அதற்கு மேலே பதில் சொல்லியாயிற்று. இரண்டாவது வாதம் நுட்பமானது. பால் மொக்கபெட்ரிஸ் எழுதி 1987 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 1034, சிநேம் இருக்கும் இடத்தில் வேறு பதிவு இருக்கலாகாது என்பதை ‘மஸ்ட்’ என்று சொல்லாமல் ‘ஷுட்’ என்றே சொல்கிறது. எனவே அது அறிவுரைதான், கட்டளை அல்ல என்பார்கள். இந்தச் சொற்களுக்கு இன்றைய இறுக்கமான பொருளைக் கொடுத்தது 1997 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2119. பத்து வருடம் கழித்து வந்த அகராதியை வைத்து முந்தைய ஆவணத்துக்குப் பொருள் சொல்ல முடியாது. அதைவிட வலுவான ஆதாரம், அதே ஆண்டு ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 2181. டிஎன்எஸ்செக் சார்ந்த சில பதிவுகளைத் தவிர, மாற்றுப்பெயர் உள்ள இடத்தில் வேறு தரவு எதுவும் இருக்க முடியாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. தான் ‘மஸ்ட்’, ‘ஷுட்’ போன்ற அந்தப் பெரிய எழுத்துச் சொற்களை வேண்டுமென்றே பயன்படுத்தவில்லை என்றும், மென்மையாகச் சொல்லியிருப்பதால் விருப்பத்துக்கு உரியது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்றும் முன்கூட்டியே எச்சரிக்கிறது. இத்தகைய வழக்குகளை எதிர்பார்த்தே எழுதியது போல இருக்கும் அந்தப் பத்தியை, இரண்டு பக்கத்தாரும் ஒருமுறை படித்துவிட்டு வாதத்தைத் தொடங்கினால் பாதி நேரம் மிச்சமாகும்.

மேலும், டொமைனின் உச்சிப் பெயரில் எஸ்ஓஏ பதிவும் என்எஸ் பதிவும் கட்டாயம் இருந்தாக வேண்டும். ஆகவே அங்கே சிநேம் என்பது எம்எக்ஸ் இல்லாவிட்டாலும் முரண்பாடுதான். பைண்ட் இத்தகைய ஸோனை ஏற்றவே மறுத்து, ‘சிநேம் அண்ட் அதர் டேட்டா’ என்று பதிவேட்டில் எழுதிவிடும். அந்த மறுப்பு ஒரு பாதுகாப்பு. ஏற்றுக்கொள்ளும் பலகம்தான் ஆபத்தானது.

மூன்றாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது. சிடிஎன் நிறுவனங்கள் தங்கள் எண் முகவரிகளை மாற்றிக்கொண்டே இருக்கும். ஏ பதிவில் எண்ணை எழுதிவைத்தால் ஒருநாள் தளம் விழும். தர விதியைக் காட்டி ‘முடியாது’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர் இந்தச் சிக்கலுக்கு வழி சொல்லவில்லை. வழிகள் உண்டு. சில டிஎன்எஸ் நிறுவனங்கள், இலக்குப் பெயரின் முகவரியைத் தாங்களே அவ்வப்போது கேட்டு, வெளியே ஏ பதிவாகவே தருகின்றன. ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. இதைத் தரப்படுத்த முயன்ற ‘ஏநேம்’ வரைவு, ஆர்எஃப்சியாக ஆகாமலே காலாவதியாயிற்று. ஆனாலும் கம்பியில் போகும் விடை விதிக்கு உட்பட்டதாகவே இருப்பதால் அது மீறல் அல்ல. குறை ஒன்று உண்டு: முகவரியைக் கேட்பது டிஎன்எஸ் நிறுவனத்தின் சர்வர் என்பதால், சிடிஎன் அந்தச் சர்வருக்கு அருகிலுள்ள கணுவைத் தரக்கூடும்; சேலத்தில் உள்ளவர் எங்கோ கடல் கடந்த கணுவுக்குப் போவார். 2023 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 9460 இதற்கும் உதவும் ‘ஹெச்டிடிபிஎஸ்’ என்னும் பதிவு வகையைக் கொண்டுவந்தது. உச்சியிலும் அதை வைக்கலாம். ஆனால் எல்லா பிரௌசர்களும் அதன் மாற்றுப்பெயர் முறையை முழுமையாகப் பின்பற்றுவதில்லை என்பதால், இன்றைக்கு அதை மட்டும் நம்ப முடியாது. சிறு விடுதிக்கு எளிய வழி, உச்சிப் பெயரை நிலையான முகவரி கொண்ட ஒரு சிறு வெப் சர்வருக்குக் காட்டி, அங்கிருந்து மூன்று டபிள்யூ சேர்த்த பெயருக்குத் திருப்பிவிடுவது. அந்த இரண்டாவது பெயரில் சிநேம் தாராளமாக இருக்கலாம்.

வேறு சில வழக்குகள்

எம்எக்ஸ் அல்லது என்எஸ் பதிவு சுட்டும் பெயர் சிநேமாக இருக்கக் கூடாது என்பதும் ஆர்எஃப்சி 2181இல் உள்ளதுதான். எம்எக்ஸ் விஷயத்தில் பெரும்பாலான அஞ்சல் சர்வர்கள் பொறுத்துக்கொள்கின்றன. பைண்டும் எச்சரிக்கை மட்டும் தருகிறது. என்எஸ் விஷயத்தில் பொறுமை குறைவு. இரண்டையும் திருத்துவதற்கு ஆகும் செலவு ஒரு வரி என்பதால், இதை விவாதிப்பதைவிடத் திருத்திவிடுவதே நல்லது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. விதியை மிகையாகப் படிப்பவர்கள். ‘அடிக்கோடு டிஎன்எஸ் பெயரில் வரக் கூடாது, ஆகவே டிமார்க் பதிவை (போலி அஞ்சலைத் தடுக்க உதவும் பதிவை) இட முடியாது’ என்று ஒரு பலகத்தின் உதவி மையத்திலிருந்து பதில் வந்தால் நம்ப வேண்டாம். எழுத்து, எண், இணைகோடு மட்டும் என்ற கட்டுப்பாடு கணினிப் பெயர்களுக்கானது. டிஎன்எஸ் தன்னளவில் நீளத்தைத் தவிர வேறு எதையும் கட்டுப்படுத்துவதில்லை என்பதை ஆர்எஃப்சி 2181இன் 11ஆம் பகுதி சொல்கிறது: ஒரு கூறு 63 பைட், முழுப்பெயர் 255 பைட். முகவரிப் பதிவுக்கு அடிக்கோடு வேண்டாம். டிமார்க் போன்ற டெக்ஸ்ட் பதிவுக்குத் தாராளமாக வரலாம்.

டிசிபி (இணைப்பு ஏற்படுத்தித் தரவு அனுப்பும் முறை) பற்றிய தவறான நம்பிக்கை இன்னும் ஒழியவில்லை. ஸோனை இரண்டாம் நிலைச் சர்வருக்கு மாற்றுவதற்கு மட்டுமே டிசிபி வேண்டும் என்று எண்ணி, ஃபயர்வாலில் யுடிபி (இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்பும் முறை) 53ஆம் வாயிலை மட்டும் திறந்துவைப்பவர்கள் பலர். 2010இல் ஆர்எஃப்சி 5966ம், அதற்குப் பதிலாக 2016இல் வந்த ஆர்எஃப்சி 7766ம் டிஎன்எஸ் மென்பொருள் எல்லாவற்றுக்கும் டிசிபியைக் கட்டாயமாக்கிவிட்டன. 2020ஆம் ஆண்டின் ‘ஃபிளாக் டே’ ஏற்பாட்டில் (டிஎன்எஸ் மென்பொருள் செய்பவர்கள் சேர்ந்து ஒரே நாளில் மாற்றம் கொண்டுவரும் ஏற்பாட்டில்) யுடிபி விடையின் அளவை 1232 பைட்டுக்குள் வைக்கும்படி பரிந்துரைக்கப்பட்டது. ஐபிவி6இன் குறைந்தபட்சப் பொட்டல அளவான 1280இலிருந்து தலைப்புகளுக்கான 48ஐக் கழித்தால் வருவது அது. அதை மீறும் விடை டிசிபி வழியாகவே வரும். கையொப்பங்களும் நீண்ட டெக்ஸ்ட் பதிவுகளும் உள்ள ஸோனை ‘+டிசிபி’ விருப்பத்துடன், உங்கள் அலுவலகத்துக்கு வெளியே உள்ள இணைப்பிலிருந்து கேட்டுப் பாருங்கள்.

‘அனுப்புவதில் கண்டிப்பாகவும் பெறுவதில் தாராளமாகவும் இரு’ என்பது ஜான் போஸ்டல் 1980இல் வகுத்த நெறி. விதியை மீறிய சர்வருக்காக வாதாடுகிறவர்கள் அதன் பின்பாதியை மட்டும் எடுத்துக்காட்டுவார்கள். அந்தத் தாராளத்துக்கு எல்லை உண்டு என்பதை 2019 பிப்ரவரி 1ஆம் தேதி டிஎன்எஸ் உலகம் காட்டியது. டிஎன்எஸின் விரிவாக்கமான இடிஎன்எஸ் வகைக் கேள்வியைப் பதிலே சொல்லாமல் விழுங்கிவிடும் சர்வர்களுக்காக வைத்திருந்த ஒட்டுவேலைகளை, பைண்ட், அன்பவுண்ட், பவர்டிஎன்எஸ், நாட் ஆகிய மென்பொருள்களைச் செய்பவர்களும் பெரிய பொது ரிசால்வர்களை நடத்துபவர்களும் சேர்ந்து நீக்கினார்கள். அதுவரை ‘ஓடிக்கொண்டிருந்த’ சர்வர்கள் அதன் பிறகு செத்தவையாகக் கருதப்பட்டன. உங்கள் சர்வரை ஒருமுறை சாதாரணமாகவும், மறுமுறை ‘+நோஇடிஎன்எஸ்’ விருப்பத்துடனும் கேளுங்கள். இரண்டாவதற்கு மட்டும் பதில் வந்தால், சர்வரோ அதன் முன்னால் உள்ள ஃபயர்வாலோ காலம் கடந்தது.

தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு

இந்தியா என்று தமிழிலேயே முடியும் டொமைன்களை வாங்கியவர்கள், ஸோன் கோப்பில் தமிழ் எழுத்தை அப்படியே இடக் கூடாது. டிஎன்எஸ் எந்த பைட்டையும் ஏற்கும் என்று மேலே சொன்னேன். பைண்டில் பெயர்ச் சரிபார்ப்பை அணைத்துவிட்டால் அதுவும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பிரௌசர் கேட்கப்போவது ‘எக்ஸ்என்’ என்று தொடங்கி, தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் குறிக்கும் பியூனிகோட் வடிவத்தை. நீங்கள் இட்ட பதிவு விதிக்கு உட்பட்டதாக இருந்தும் யாருக்கும் பயன்படாது. 63 பைட் கணக்கும் அந்த மாற்று வடிவத்துக்கே. ‘ஔ’ என்னும் எழுத்தையும், ‘ஒ’வுக்குப் பக்கத்தில் ‘ள’வை இட்டதையும் கண்ணால் பிரித்தறிய முடியாது, யூனிகோடில் அவை வேறு வேறு, எனவே டொமைன்களும் வேறு வேறு. பதிவு செய்த நிறுவனத்தின் பலகத்தில் உள்ள பியூனிகோட் வடிவத்தை நகலெடுத்தே பயன்படுத்துங்கள்.

ஏற்காட்டில் ஒன்று, சேலத்தில் ஒன்று போதுமா

தோட்டத்து அலுவலகத்தில் ஒரு நேம் சர்வரும் சேலத்து அலுவலகத்தில் ஒன்றும் வைத்துவிட்டு, ‘இரண்டு வெவ்வேறு ஊர்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஆர்எஃப்சி 2182ஐப் படிக்க வேண்டும். சர்வர்கள் இடத்தால் மட்டும் விலகியிருந்தால் போதாது, வலையமைப்பிலும் விலகியிருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. நிறுவனங்களின் ஸோன்களுக்கு மூன்று சர்வர்களைப் பரிந்துரைக்கிறது. அவற்றில் ஒன்றாவது மற்றவற்றிலிருந்து நன்றாக விலகியிருக்க வேண்டும் என்கிறது. ஏற்காட்டின் இணைப்பு இருபது கொண்டை ஊசி வளைவுகளும் உள்ள அந்த மலைப்பாதையோடு இறங்கிச் சேலத்தில் சேர்ந்து வெளியே போகிறது என்றால், வரைபடத்தில் இரண்டு ஊராகத் தெரிவது வலையமைப்பில் ஒரே இடம்தான். இரு இடங்களிலிருந்தும் வெளியூர் முகவரி ஒன்றுக்கு டிரேஸ்ரூட் ஓட்டிப் பாருங்கள். முதல் ஓரிரு தாவல்களுக்குப் பிறகு இரண்டும் ஒரே ரௌட்டர் வழியாகப் போனால், மூன்றாவது சர்வரைச் சென்னையிலோ மும்பையிலோ, வேறு நிறுவனத்தின் இணைப்பில் வைப்பது அவசியம்.

அந்த மூன்றாவது சர்வர் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்பது எஸ்ஓஏ பதிவில் உள்ள ‘எக்ஸ்பயர்’ எண்ணைப் பொறுத்தது. முதன்மைச் சர்வரை அந்தக் கால அளவுக்குள் தொடர்பு கொள்ள முடியாவிட்டால், இரண்டாம் நிலைச் சர்வர் தன்னிடம் உள்ள ஸோனைக் காலாவதியானதாகக் கருதிச் செர்வ்ஃபெயில் சொல்லத் தொடங்கிவிடும். அந்த எண்ணை ஒரு மணி நேரம் என்று வைத்திருப்பவருக்கு, கோடை இடிமழையில் மலையில் மின்சாரம் போகும் ஒரு மாலை நேரமே போதும், சென்னையில் உள்ள சர்வரும் சேர்ந்து வாய்மூடிவிட. ஆர்எஃப்சி 1912 இரண்டிலிருந்து நான்கு வாரம் என்கிறது. 1209600 வினாடிக்குக் குறையாமல் வையுங்கள். பிறகு முதன்மைச் சர்வரை வேண்டுமென்றே சில மணி நேரம் நிறுத்திவிட்டு, வெளி இணைப்பிலிருந்து மற்ற இரண்டிடமும் எஸ்ஓஏ, எம்எக்ஸ், ஏ பதிவுகளைக் கேளுங்கள். மூன்று விடைகளிலும் ஏஏ கொடி இருக்க வேண்டும். வரிசை எண் நிறுத்துவதற்கு முன் இருந்ததாகவே இருக்க வேண்டும். முதன்மையை மறுபடி எழுப்பி, வரிசை எண்ணை ஒன்று கூட்டி, அந்த மாற்றம் இரண்டு சர்வர்களுக்கும் வந்து சேர்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். வராவிட்டால், ஸோனை நகலெடுக்க அனுமதித்த முகவரிப் பட்டியலையும் டிசிபி 53ஐயும் முதலில் சரிபாருங்கள்.